பேட்டரியை டிக்கிக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடைய பழைய மாருதி எஸ்டீமில் பானட்டுக்குள் இருந்த பேட்டரி இப்போது டிக்கியில் இருக்கிறது. முதல் முறை ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தேன். அது பிழையாக முடிந்ததால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டாம் முறை நானே செய்தேன். அதன்பின் இதே வேலையில் இறங்க நினைத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொல்லிவரும் விடைகளும் இங்கே உள்ளன. இவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு மட்டுமே பொருந்தும். பேட்டரி இடம் மாறுவது இந்த வேலையில் சிறு பகுதிதான். எப்போதும் மின்சாரம் இருக்கும் ஐந்து மீட்டர் கேபிள் ஒன்று, ஆட்கள் அமரும் இடத்தின் ஊடாகச் செல்லத் தொடங்குகிறது என்பதே பெரிய மாற்றம். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அந்தக் கேபிளைப் பற்றியவை.

இதனால் உண்மையில் என்ன பயன் கிடைக்கிறது?

முதல் பயன் எடைப் பகிர்வு. முன்சக்கர இயக்கக் கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால், மொத்த எடையில் 60 விழுக்காடோ அதற்கு மேலோ முன் அச்சின் மீது விழுவது வழக்கம். 900 கிலோ எடையும் 2.4 மீட்டர் அச்சு இடைவெளியும் உள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் இருந்த 12 கிலோ பேட்டரியைப் பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் வைத்தால், அது 2.9 மீட்டர் நகர்கிறது. 12ஐ 2.9ஆல் பெருக்கி 2.4ஆல் வகுத்தால் 14.5 கிலோ வரும். அவ்வளவு சுமை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாறும். 62க்கு 38 என்றிருந்த பகிர்வு 60.4க்கு 39.6 ஆகும். அலுவலகம் போய்வரும் ஓட்டத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ஓடுதளத்தில், பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழையும்போது, காரை நன்கு அறிந்தவருக்குச் சிறிதளவு தெரியும்.

இரண்டாவது பயன் இடம். டர்போ, பெரிய காற்று வடிகட்டி, வேறு இன்ஜின் என்று எதையாவது பொருத்துகிறவர்களுக்குப் பேட்டரி இருந்த மூலை தேவைப்படும். இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான். மூன்றாவது, வெப்பத்திலிருந்து விடுதலை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கும் காரின் பானட்டுக்குள் உள்ள சூட்டை அனுபவித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

காரின் எடையைக் குறைப்பது நோக்கமென்றால் இந்த வேலை அதற்கு எதிராகவே போகும். 50 சதுர மி.மீ. கேபிள் ஐந்து மீட்டருக்குச் செம்பு மட்டும் 2.2 கிலோ. பெட்டி, பட்டை, அடித்தகடு எல்லாம் சேர்ந்தால் கார் முன்பைவிட ஐந்து கிலோ வரை கனக்கும். அத்தகையவர்கள் பேட்டரியை இருந்த இடத்திலேயே விட்டு, எடை குறைந்த ஒன்றாக மாற்றிக்கொள்வது நல்லது.

தயாரிப்பு நிறுவனங்களே பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கின்றனவே?

வைத்திருக்கின்றன, அவர்கள் செய்ததைப் பார்த்தால் நாம் செய்ய வேண்டியது தெரியும். 1959இல் வந்த மினி வெறும் மூன்று மீட்டர் நீளக் கார். அலெக் இசிகோனிஸ் அதன் இன்ஜினைக் குறுக்காக வைத்தபின் முன்னால் இடம் இல்லாமல் போனதால், பேட்டரி டிக்கித் தரையின் பள்ளத்துக்குப் போனது. 1989இல் வந்த மஸ்தா எம்.எக்ஸ்-5 காரில் எடைப் பகிர்வுக்காக அது டிக்கியின் வலது மூலையில் வைக்கப்பட்டது. அங்கே சாதாரண பேட்டரி வைக்காமல், அமிலம் சிந்தாத ஏ.ஜி.எம். வகைச் சிறு பேட்டரியை வைத்து, அதன் வாயு வெளியேறத் தனிக் குழாயும் கொடுத்தார்கள். பி.எம்.டபிள்யூ. 3 வரிசையின் 1998ஆம் ஆண்டுத் தலைமுறையில் பாசிட்டிவ் முனையிலேயே சிறு வெடிமருந்து உண்டு. விபத்தில் ஏர்பேக் அமைப்பு ஆணையிட்டால், அது வெடித்து இன்ஜினுக்குப் போகும் தடித்த கேபிளைத் துண்டித்துவிடும். எச்சரிக்கை விளக்கு, கதவுப் பூட்டு ஆகியவற்றுக்கு மின்சாரம் தொடர்ந்து கிடைக்கும். நீண்ட கேபிளை அந்தப் பொறியாளர்கள் எவ்வளவு ஆபத்தானதாகக் கருதினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யார் இதைச் செய்யவே கூடாது?

டிக்கியில் சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. உருளை உள்ளவர்கள் செய்யவே கூடாது. வால்வு ஒருநாள் கசியக்கூடும். டெர்மினல் ஒருநாள் தளர்ந்து பொறி பறக்கக்கூடும். இரண்டையும் ஒரே மூடிய அறையில் வைப்பதற்கு எந்தப் பெட்டியும் ஈடாகாது. உத்தரவாதக் காலம் முடியாத புதிய கார்களிலும் வேண்டாம். பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் இடையே தடுப்பே இல்லாத ஹேட்ச்பேக் கார்களில் பேட்டரி உண்மையில் பயணிகளோடு ஒரே அறையில்தான் இருக்கிறது. அங்கே வாயு புகாத மூடிய பெட்டியும் வெளியே போகும் குழாயும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

டிக்கியில் எந்த வகை பேட்டரி வைக்க வேண்டும்?

ஏ.ஜி.எம். வகையைத்தான் பரிந்துரைக்கிறேன். அதில் அமிலம் கண்ணாடி இழைப் பாய்களில் ஊறி நிற்பதால், கவிழ்ந்தாலும் உடைந்தாலும் வழிந்தோடாது. கடைகளில் ஒரு குழப்பம் நிலவுகிறது. ‘மெயின்டெனன்ஸ் ஃப்ரீ’ என்று எழுதியிருப்பதைக் காட்டி, ‘இது சீல்டு சார், ஒன்றும் ஆகாது’ என்பார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். உள்ளே திரவ அமிலம் இருக்கும், வாயு வெளியேறும் துளையும் இருக்கும். ஏ.ஜி.எம். பேட்டரிகூட, ஓடும் இன்ஜினிலிருந்து அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுதாகி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால், பாதுகாப்பு வால்வு வழியாக வாயுவை வெளியே விடும்.

அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். எனவே எந்த வகையாக இருந்தாலும் பேட்டரியின் வாயுத் துளையிலிருந்தோ மூடிய பெட்டியிலிருந்தோ ஒரு குழாய் தரையின் வழியாகக் காருக்கு வெளியே போக வேண்டும். குழாயின் வாய் சைலன்சருக்கு அருகில் இருக்கக் கூடாது. சக்கரம் வாரி அடிக்கும் சேறு அடைக்கும் இடத்திலும் இருக்கக் கூடாது.

டிக்கியில் எங்கே வைப்பது, எப்படிப் பிணைப்பது?

தரையை ஒட்டித் தாழ்வாகவும், பின் பம்பரிலிருந்து தள்ளியும் வைப்பது நல்லது. பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதினால் முதலில் நசுங்கும் பகுதியில் பேட்டரி இருக்கக் கூடாது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் தாழ்வான இடம் என்பதால் பலரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது வழக்கம் என்பதால், வடிகால் துளையைத் திறந்து பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

பிணைப்பை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடும் மோதலில் 30 மடங்கு புவியீர்ப்பு விசை ஏற்படுவதாகக் கொண்டால், 12 கிலோ பேட்டரி 360 கிலோ எடையின் விசையோடு முன்னோக்கிப் பாய முயலும். நைலான் பட்டையோ தரைவிரிப்பில் திருகிய சிறு ஸ்குருவோ அதைத் தாங்காது. பேட்டரியை இடம் மாற்றிய பந்தயக் கார்களுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் விதி நல்ல அளவுகோல்: உலோக இருக்கை, மின்காப்பு உறையிட்ட இரண்டு உலோகப் பட்டைகள், குறைந்தது 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுகள், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரைத் தகட்டுக்கு அடியில் 3 மி.மீ. தடிமனும் 20 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட தாங்குதகடு. சாலையில் ஓடும் காருக்கும் இதையே பின்பற்றினேன். துளையிடுவதற்கு முன் காரை உயர்த்தி, அடியில் பெட்ரோல் டேங்கும் எரிபொருள் குழாய்களும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று கண்ணால் பாருங்கள்.

கேபிள் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

பழைய இடத்தில் பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் இடையே அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் கேபிள்தான் இருந்தது. அதே தடிமனில் ஐந்து மீட்டர் ஓட்டினால் மின்னழுத்த இழப்பும் அதே விகிதத்தில் பெருகும். நெகிழ்வான செம்புக் கேபிளின் மின்தடை ஒரு மீட்டருக்கு, 25 சதுர மி.மீ. கேபிளில் 0.78 மில்லி ஓம், 35இல் 0.554, 50இல் 0.386, 70இல் 0.272. சிறிய பெட்ரோல் இன்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், ஐந்து மீட்டரில் 25 சதுர மி.மீ. கேபிள் 0.59 வோல்ட்டை விழுங்கும். 35இல் 0.42, 50இல் 0.29, 70இல் 0.20 வோல்ட் இழப்பாகும். பாசிட்டிவ் பக்கத்தில் மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. லக் (கேபிள் முனையில் பொருத்தும் உலோகக் காது), ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவையும் தம் பங்குக்குச் சிறிது எடுத்துக்கொள்ளும் என்பதால், பெட்ரோல் காருக்கு 50 சதுர மி.மீ. வாங்குங்கள். டீசல் இன்ஜினின் அழுத்த விகிதம் அதிகம். அதைச் சுற்ற 250 ஆம்பியர் தேவைப்பட்டால் 50 சதுர மி.மீ. கேபிளிலேயே 0.48 வோல்ட் போய்விடும். அங்கே 70தான் சரி.

இந்தச் சிறு எண்களைப் பார்த்து ‘அரை வோல்ட்தானே’ என்று நினைக்க வேண்டாம். இன்ஜினைச் சுற்றும் நேரத்தில் நல்ல பேட்டரியே பத்தரை, பதினோரு வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதிலிருந்து ஒரு வோல்ட் போனால் செல்ஃப் சோம்பலாகச் சுற்றும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. சரியாக விழிக்காது, பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கி வைப்போம்.

ஆம்ப்ளிஃபையர் கேபிளோ வெல்டிங் கேபிளோ பயன்படுத்தலாமா?

ஆடியோ கடைகளில் தொகுப்பாக விற்கும் ஆம்ப்ளிஃபையர் கேபிள்களில் பல, அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசியவை. அவற்றின் கடத்துதிறன் முழுச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. என் காரில் பட்டறை முதலில் போட்டது இந்த வகையில் ‘4 கேஜ்’ கேபிள், அதாவது 21 சதுர மி.மீ. செல்ஃப் அடிக்கும்போது அதில் மட்டும் ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போனதை மல்டிமீட்டர் காட்டியது. வெளியே பளபளக்கும் சிவப்பு உறையைப் பார்த்து அதன் உள்ளிருப்பை அறிய முடியாது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இழைகளின் மேல் வெள்ளீயம் பூசிய செம்பும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் சுரண்டினால் உள்ளே செம்பு நிறம் தெரியும்.

வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு. மெல்லிய செம்பு இழைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் எளிதாக வளையும். சாதாரண ரப்பர் உறை எண்ணெய் பட்டால் ஊறிவிடும். ஆகவே எண்ணெயையும் வெப்பத்தையும் தாங்கும், தீயைப் பரப்பாத எச்.ஓ.எஃப்.ஆர். உறை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மின்பொருள் கடைகளில் அந்தப் பெயரிலேயே கேட்கலாம்.

கேபிளை எந்த வழியாகக் கொண்டுசெல்வது?

காருக்கு அடியில் வேண்டாம். வேகத்தடை, கல், தேங்கிய மழைநீர் எல்லாம் அங்கேதான் உரசும். கதவுப் படிக்கு உள்ளே, தரைவிரிப்புக்கு அடியில், எரிபொருள் குழாய் போகாத பக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றின் மஞ்சள் நிற இணைப்பிகளின் மேல் அது அழுந்தக் கூடாது. சீட் நகரும் தண்டவாளத்துக்கு அடியிலும் அகப்படக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான கிராமட் கட்டாயம். அதன் மேல் நெளிகுழாய் உறையும், 30 செ.மீ.க்கு ஒரு பிடிப்பும் தேவை. தகட்டு விளிம்பின் மேல் நேரடியாகப் படியும் கேபிள் முதல் நாளில் ஒன்றும் செய்யாது. அதிர்வில் உறை சிறிது சிறிதாக அறுந்து, இரண்டு ஆண்டு கழித்து ஒருநாள் உலோகம் உலோகத்தைத் தொடும்.

எலி, பெருச்சாளி தொல்லை உள்ள தெருவில் கார் நிற்குமானால், பானட்டுக்குள் வரும் பகுதிக்கு மட்டுமாவது உலோகப் பின்னல் கலந்த உறை போடுங்கள். அந்தப் பின்னலின் முனைகள் டெர்மினலைத் தொடாதபடி டேப் சுற்றிவிட வேண்டும்.

ஃபியூஸ் தேவையா? பழைய இடத்தில் செல்ஃப் கேபிளுக்கு ஃபியூஸ் இல்லையே?

தேவை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பழைய இடத்தில் கேபிள் குட்டையாக இருந்தது, தயாரிப்பாளர் அதன் வழியை அளந்து வைத்திருந்தார், அது இருந்தது இரும்புச் சுவருக்கு அப்பால். இப்போது அது உங்கள் குழந்தை கால் வைக்கும் தரைவிரிப்புக்கு அடியில் போகிறது. நன்றாகச் சார்ஜ் ஆன 45 ஆம்பியர் மணி பேட்டரி, கேபிள் பாடியில் முட்டினால் 1,000 ஆம்பியருக்கும் மேல் தள்ளக்கூடியது. விரைவிலேயே உறை உருகி விரிப்பு பற்றும். சாவியைத் திருப்பி அணைப்பதால் அது நிற்காது. பேட்டரி தீரும்வரை அல்லது யாராவது டெர்மினலைக் கழற்றும்வரை தொடரும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 30 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஏனெனில் ஃபியூஸுக்கு முன்னால் உள்ள நீளத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. சிறிய பெட்ரோல் காருக்கு 250 ஆம்பியர் மெகா வகை பொருந்தும். செல்ஃப் மோட்டார் அசையத் தொடங்கும் கணத்தில் 300 ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். ஆனால் மெகா ஃபியூஸ் மெதுவாக உருகும் வகை என்பதால் அந்தக் கணத்தைப் பொறுத்துக்கொள்ளும். கேபிள் நேராகப் பாடியில் முட்டினால் பொறுக்காது. டீசலுக்கு 400 ஆம்பியர் வரை போக நேரலாம். அப்போது கேபிளும் அதற்கேற்பத் தடிமனாக இருக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்த இன்னொரு முறையும் உண்டு. டிக்கியிலேயே ஒரு தனி ஸ்டார்ட்டர் சொலினாய்டை (சாவியைத் திருகும்போது மட்டும் இணையும் மின்காந்தச் சுவிட்சை) வைத்து, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளை அதன் வழியாக எடுத்தால், சாவியைத் திருகும் சில நொடிகள் மட்டுமே அதில் மின்சாரம் இருக்கும். மற்ற விளக்கு, இ.சி.யூ., ஆல்டர்னேட்டர் ஆகியவற்றுக்கு 25 சதுர மி.மீ. கேபிள் ஒன்றைத் தனியே 100 ஆம்பியர் ஃபியூஸோடு ஓட்டலாம். வேலை இரட்டிப்பாகும். இரண்டாம் முறை செய்தபோது நான் இப்படித்தான் செய்தேன்.

எர்த் இணைப்பை எப்படிச் செய்வது?

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். என் காரும் இங்கேதான் தவறியது. பானட்டுக்குள் பேட்டரி இருந்தபோது நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தடித்த கேபிள் கியர்பாக்ஸுக்கும் ஒரு மெல்லிய வயர் பாடிக்கும் போயிருக்கும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்தத் தடித்த கேபிள் வழியாகத் திரும்பியது. பேட்டரியை எடுக்கும்போது அந்தக் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, டிக்கியில் நெகட்டிவைப் பாடியில் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் இன்ஜின் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் அமர்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் இடையே தகுந்த பாதை இல்லை.

பாதை இல்லையென்றால் மின்சாரம் கிடைத்த வழியில் போகும். பட்டறையிலிருந்து வந்த மூன்றாம் நாள், செல்ஃபை நீண்ட நேரம் அடித்தபோது ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து புகை வந்தது. இன்ஜினையும் பாடியையும் இணைத்த உலோகங்களில் அந்த மெல்லிய எஃகுக் கம்பியும் ஒன்று. 150 ஆம்பியரில் பெரும்பங்கு அதன் வழியே போக முயன்று, உள்ளிருந்த பிளாஸ்டிக் உறை இளகிவிட்டது. ஓடும்போது அது சிக்கியிருந்தால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே நின்றிருக்கும். இன்றும் நினைத்தால் மனம் பதறுகிறது.

எனவே முன்னால் கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் இடையே பாசிட்டிவ் கேபிளின் அதே தடிமனில் ஒரு குட்டைக் கேபிளைப் போடுங்கள். பின்னால் பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போவதும் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். எர்த் பூட்டும் இடத்தில் பெயின்ட்டைப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, பூட்டியபின் மேலே கிரீஸ் அல்லது பெயின்ட் பூசித் துருவைத் தடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தவே கூடாது. துரு அரித்த பழைய கார்களில் பாடியை நம்பாமல், நெகட்டிவுக்கும் ஒரு முழுக் கேபிளை இன்ஜின் வரை கொண்டுசெல்வது பாதுகாப்பானது.

லக்கைச் சுத்தியலால் தட்டிப் பிடிக்கலாமா?

வேண்டாம். ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் அழுத்த வேண்டும்; மின்பேனல் செய்யும் கடைகளில் சிறு கூலிக்கு அழுத்தித் தருவார்கள். ஈயப்பற்று மட்டும் போட்ட இணைப்பு சூட்டில் இளகும். அதிர்வில் பற்று முடியும் இடத்தில் இழைகள் ஒடியும். அழுத்தியபின் உட்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுபடுத்தி மூடினால் ஈரம் ஏறாது.

புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தையும் வெளியேறும் மின்சாரத்தையும் வெப்பநிலையையும் அளந்து இ.சி.யூ.வுக்குச் சொல்லும் கருவி அது. ஆல்டர்னேட்டர் எவ்வளவு சார்ஜ் செய்ய வேண்டும், சிக்னலில் இன்ஜினை அணைக்கலாமா என்பவை அதைப் பொறுத்தே முடிவாகின்றன. பேட்டரி போகும் இடத்துக்கு அதுவும் போக வேண்டும். அதன் மெல்லிய வயர்களைத் தரமாக நீட்ட வேண்டும். சிக்னலில் இன்ஜினைத் தானே அணைக்கும் ஐடில் ஸ்டாப் உள்ள கார்களில் இந்த வேலையைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

கட்-ஆஃப் சுவிட்ச் வைக்க வேண்டுமா?

பந்தயத்துக்குப் போகும் காருக்குக் கட்டாயம், சாலைக் காருக்கு நல்லது. பேட்டரியை மட்டும் துண்டிக்கும் இரண்டு முனைச் சுவிட்ச், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை நிறுத்தாது, ஏனெனில் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதோடு, சுமை திடீரென்று துண்டிக்கப்படுவதால் எழும் உயர் மின்னழுத்தம் இ.சி.யூ.வையும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் கெடுக்கலாம். எனவே இக்னிஷனையும் சேர்த்துத் துண்டித்து, ஆல்டர்னேட்டரின் மிச்ச ஆற்றலை ஒரு தடையின் வழியாக வடியவிடும் ஆறு முனைச் சுவிட்ச்தான் தேவை. பந்தயக் கார்களில் அந்தச் சுவிட்சின் இடத்தை, வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்து காட்டுவார்கள். அந்த முக்கோணத்தின் அடிப்பக்கம் குறைந்தது 12 செ.மீ. இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

இணைக்கும்போது நெகட்டிவைக் கடைசியாகவும், கழற்றும்போது முதலாகவும் கையாளுங்கள். பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஃபியூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டிலும் வைத்து அளக்க வேண்டும். மீட்டர் வயரைப் பேட்டரி வரை நீட்டிக்கொள்வது தவிர இதில் சிரமம் இல்லை. 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் இடையில் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. அடுத்து நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. என் காரில் பட்டறை வேலைக்குப் பிறகு இந்த இரண்டாம் அளவு 1.4 வோல்ட், குட்டை எர்த் கேபிள் போட்டபின் 0.15.

கடைசியாக இன்ஜின் ஓட, விளக்கும் ஏ.சி.யும் போட்டு, பேட்டரி முனையிலேயே மின்னழுத்தத்தைப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜிங் சரி. அரை மணி நேரம் ஓட்டியபின் ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றவற்றைவிட ஒன்று சூடாக இருந்தால் அதை மறுபடி அழுத்த வேண்டும்.

பேட்டரி இறங்கிவிட்டால் ஜம்ப் கொடுப்பது எப்படி? டிக்கியே திறக்காவிட்டால்?

பானட்டுக்குள், பழைய பேட்டரி இருந்த இடத்தில், மூடியுள்ள ஒரு பாசிட்டிவ் கம்பத்தை வையுங்கள். முன்புறக் கேபிள்கள் சேருமிடமாகவும் அது இருக்கும். ஜம்ப் கேபிள் மாட்டவும் உதவும். சொலினாய்டு முறையில் செய்திருந்தால் இந்தக் கம்பம் 100 ஆம்பியர் ஃபியூஸுக்கு அப்பால் இருக்கும். அப்போது அதில் கொடுக்கும் மின்சாரம் பேட்டரியை மெல்ல ஏற்றப் பயன்படுமே தவிர, அந்த நொடியிலேயே செல்ஃப் அடிக்கக் கூடாது. டிக்கி மின்பூட்டில் மட்டுமே திறக்குமானால், வேலையைத் தொடங்கும் முன்பே சாவித் துளையோ இழுகம்பியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் காப்பீடும் என்ன சொல்கின்றன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. பேட்டரி இருக்கும் இடம் அந்த விவரங்களில் இல்லை. ஆனாலும் சேசிஸ் உறுப்பை வெட்டுவது, தரையை அறுப்பது போன்ற எதையும் செய்யாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் படங்களோடு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கார் தீப்பிடித்தால், அதற்கும் இந்த வேலைக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், சர்வேயரின் கண் மாற்றிய வயரிங் மீதுதான் முதலில் விழும்.

காரை விற்கும்போது பழைய நிலைக்கு மாற்ற வேண்டுமா?

முடிந்தால் மாற்றிவிடுங்கள், அதற்காகப் பழைய தட்டையும் கேபிள்களையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். மாற்றாமல் விற்றால், கேபிள் போகும் வழி, ஃபியூஸின் இடமும் அளவும், எர்த் பூட்டிய இரண்டு இடங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிக்கி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். வெளியில், பின்புறக் கண்ணாடியின் ஓரத்தில், பேட்டரி டிக்கியில் இருக்கிறது என்று ஒரு ஸ்டிக்கரும் இருக்கட்டும். விபத்து நடந்த இடத்துக்கு வரும் தீயணைப்பு வீரர் பானட்டைத் திறந்து, காலியான தட்டைப் பார்த்துத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.